தாய் ராகம் 72: வம்சாவளியா, வீட்டு முகவரியா?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் மகள் சிங்கப்பூரில் பியானோவும் கர்நாடக வாய்ப்பாட்டும் ஒருசேரக் கற்கிறாள். பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு ‘ஸ’ முதல் மேல் ‘ஸ’ வரைக்கு, 12 கட்டைகள்தாம் இருக்க, பாட்டு வகுப்பில் 16 சுரங்கள் என்றும், அவற்றிலிருந்து 72 தாய் ராகங்கள் என்றும் சொல்கிறார்கள். கணக்கு எப்படி வருகிறது, இதை வகுத்தவர் யார், ஒரு ராகத்துக்குத் தாய் இன்னதென்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு, ‘தாய்’ என்ற அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையே நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றியது. கணக்கு முழுக்க உறுதியானது. தாய்மை அவ்வளவு உறுதியானதன்று. இரண்டையும் தனித்தனியாகவே சொல்ல முயல்கிறேன்.

நான் 25 ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே வீணை கற்பித்து வருபவள். வடமொழி இசை நூல்களை மூலத்தில் தனியே படிக்கும் அளவுக்கு எனக்குப் புலமை இல்லை. கற்றவர்களின் துணையோடு படித்திருக்கிறேன். ஆகவே, கணக்கையும் மேடை வழக்கையும் பற்றி நான் சொல்வதைத் துணிந்து ஏற்கலாம். நூல்களின் காலத்தையும் ஆசிரியரையும் பற்றிச் சொல்வதை ஆய்வாளர்களின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 12க்கும் 16க்கும் உள்ள முரண்பாடு. ஸ ரி க ம ப த நி என்ற ஏழு சுரங்களின் முழுப் பெயர்கள் ஸட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். மகளின் பியானோவில் ‘சி’ என்ற வெள்ளைக் கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், ‘ஜி’ பஞ்சமம். இவ்விரண்டும் அசையாதவை. இடையிலுள்ள ‘எஃப்’ சுத்த மத்யமம். அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை பிரதி மத்யமம். இப்போது ஸட்ஜமத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் நடுவே நான்கு கட்டைகள் எஞ்சியிருக்கும். அந்த நான்கில் ஏதேனும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே இருப்பது ரிஷபம், மேலே இருப்பது காந்தாரம். அவ்வளவுதான் விதி. நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழிகள் உண்டு. இதில் இரண்டாம் கட்டையைக் கவனியுங்கள்: அதற்கு மேலே ஒன்றைக் காந்தாரமாக எடுத்தால் அது சதுசுருதி ரிஷபம்; முதல் கட்டையை ரிஷபமாக எடுத்துவிட்டால் அதே கட்டை சுத்த காந்தாரம். மூன்றாம் கட்டையும் அவ்வாறே சில இடத்தில் ஷட்சுருதி ரிஷபமாகவும் சில இடத்தில் சாதாரண காந்தாரமாகவும் வரும். ஒலி ஒன்று, பதவி இரண்டு. வீட்டில் மகளாக இருப்பவள் பள்ளியில் வகுப்புத் தலைவியாக இருப்பதைப் போன்றதே இது. பஞ்சமத்துக்கு மேலேயும் நான்கு கட்டைகள் உள்ளன; அங்கே தைவதமும் நிஷாதமும் இதே விதிப்படி ஆறு வழிகளில் அமைகின்றன. இப்படி இரட்டைப் பெயர் பெறும் கட்டைகள் நான்கு இருப்பதால் 12 ஒலிகளுக்கு 16 பெயர்கள் வந்தன. பியானோ பயிலும் குழந்தைக்கு இது புதிதன்று. ஒரே கறுப்புக் கட்டையை ஓரிடத்தில் ‘ஜி ஷார்ப்’ என்றும் இன்னோரிடத்தில் ‘ஏ ஃபிளாட்’ என்றும் அவளே படித்திருப்பாள்.

ரிஷப காந்தாரத்துக்கு ஆறு, தைவத நிஷாதத்துக்கு ஆறு, மத்யமத்துக்கு இரண்டு, பெருக்கினால் 72. இதில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் இடமில்லை.

இந்த 72ஐயும் அடுக்கியிருக்கும் முறையை விளக்க, இங்கே வளரும் பிள்ளைகளுக்கு நான் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடத்தைத்தான் காட்டுவது வழக்கம். 12 மாடிகள், மாடிக்கு ஆறு வீடுகள். மாடிகளுக்குச் சக்கரம் என்று பெயர். இந்து, நேத்ர, அக்னி, வேத, பாண, ருது, ரிஷி, வசு, பிரம்ம, திசி, ருத்ர, ஆதித்ய என்ற அப்பெயர்களே எண்களையும் சொல்லிவிடும். நிலவு ஒன்று, கண் இரண்டு, வேதம் நான்கு, மன்மதன் அம்பு ஐந்து, பருவம் ஆறு, ஆதித்யர் பன்னிருவர். ஒரே மாடியிலுள்ள ஆறு வீடுகளுக்கும் ரிஷபமும் காந்தாரமும் பொது. வீட்டுக்கு வீடு தைவத நிஷாதம் மட்டும் மாறும். முதல் ஆறு மாடிகள் சுத்த மத்யமம். ஏழாம் மாடியிலிருந்து அதே ஆறு மாடிகளும் பிரதி மத்யமத்தோடு மறுபடி அடுக்கப்படுகின்றன. தாய் ராகத்துக்கு மேளம் என்றும் பெயர். சங்கராபரணம் 29ஆம் மேளம், அதாவது ஐந்தாம் மாடியில் ஐந்தாம் வீடு, #05-05. கல்யாணி 65ஆம் மேளம், #11-05. நேர் மேலே ஆறு மாடி ஏறினால் கல்யாணி. இரண்டுக்கும் மத்யமம் ஒன்றைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. சரளி வரிசை தொடங்கும் மாயாமாளவகௌளை 15ஆம் மேளம், #03-03.

பெயரைக் கேட்டவுடனே எண்ணைச் சொல்லும் கடபயாதி முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெயரின் முதலிரண்டு எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கண்டு, அவற்றை இடம் மாற்றினால் மேள எண் கிடைக்கும். ‘மா’ ஐந்து, ‘யா’ ஒன்று, திருப்பினால் 15. இதில் தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தடை உண்டு. பாடப் புத்தகங்கள் அதைச் சொல்வதேயில்லை. வடமொழியில் ககர வரிசையில் நான்கு ஒலிகள், நான்கு வெவ்வேறு மதிப்புகள். நம் எழுத்தில் ‘க’ ஒன்றே. கீரவாணி, கரஹரப்ரியா இரண்டையும் தமிழில் எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டுமே 21ஆம் வீட்டு வாசலில் போய் நிற்கும். கீரவாணிக்கு அது சரியான வீடு. கரஹரப்ரியாவின் முதலெழுத்து இரண்டாம் ககரம். அதன் மதிப்பு இரண்டு என்பதால் அது 22. சங்கராபரணத்தின் மேளப் பெயரான தீரசங்கராபரணத்தின் ‘தீ’ எந்தத் தகரம் என்று தெரியாவிட்டால் 26 முதல் 29 வரை எந்த வீட்டையும் தட்டலாம். கூட்டெழுத்து வரும் பெயர்களில் வேறொரு குழப்பமும் இருக்கிறது: ரத்னாங்கியில் கூட்டெழுத்தின் பின் எழுத்தை எண்ண வேண்டும், சக்ரவாகத்தில் முன் எழுத்தை எண்ண வேண்டும். ஆகவே, மகள் இதில் தவறினால் அவள் கணக்கில் குறையென்று கொள்ளாதீர்கள்.

இனி, வகுத்தவர் யார் என்பது. மேளம் என்ற வகைப்பாடு 72இல் தொடங்கவில்லை. விஜயநகரத்து ராமாமாத்யர் 1550இல் எழுதிய ஸ்வரமேளகலாநிதியில் 20 மேளங்களையே சொன்னார். வழக்கிலிருந்த ராகங்களைத் தொகுத்து வைக்க அவை அவருக்குப் போதுமாக இருந்தன. ஒரு நூற்றாண்டு கழித்துத் தஞ்சையில், விஜயராகவ நாயக்கர் காலத்தில், வேங்கடமகி தம் சதுர்தண்டி பிரகாசிகையில் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டு 72 என்றார். ராமாமாத்யரைக் கடுமையாகவே மறுத்தவர் அவர். அவருடைய தந்தை கோவிந்த தீட்சிதர் ரகுநாத நாயக்கரின் அமைச்சர். 24 மெட்டுகள் (தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பிகள்) அசையாமல் மெழுகில் பதிந்திருக்கும் இன்றைய வீணையின் அமைப்பை அந்த அரசவையோடு சேர்த்துச் சொல்வது மரபு. இதை நான் தற்செயலாகக் கருதுவதில்லை. ஸ்தாயிக்கு 12 மெட்டுகள் வரிசையாகக் கண்முன் இருக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு, இவற்றை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. இது என் ஊகம். வீணை வாசிப்பவளின் சாய்வு என்றும் கொள்ளலாம்.

வழக்கிலுள்ள 12 சுரங்களைக் கொண்டு இந்த 72க்கு ஒன்று கூட்டவோ குறைக்கவோ நெற்றிக்கண்ணனாலும் முடியாது என்று வேங்கடமகி சவால் விட்டார். நக்கீரர் கதை கேட்டு வளர்ந்த நமக்கு நெற்றிக்கண்ணைச் சாட்சிக்கு இழுத்தால் சற்றுப் புன்னகை வரும். இருந்தும் கணக்கின் அளவில் அவர் சொன்னது சரிதான். அதே நூலில், தம் காலத்தில் வழங்கியவை 19 மேளங்களே என்றும் அவரே சொல்லியிருக்கிறார். எஞ்சிய 53 வீடுகளும் அன்று ஆளில்லாமல் கட்டி வைக்கப்பட்டவை. இந்த ஒரு செய்தி தெரிந்தால் உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்: 72 தாய்களும் முதலில் பிறந்து, பிறகு பிள்ளைகளைப் பெறவில்லை. ராகங்கள் முன்பே இருந்தன. வீடுகள் பின்னால் வந்தன.

இன்று நாம் மனப்பாடம் செய்யும் கனகாங்கி, ரத்னாங்கி என்ற பெயர்வரிசை வேங்கடமகியின் நூலில் உள்ளதன்று. அது கோவிந்தர் என்பவர் இயற்றியதாகக் கூறப்படும் சங்கிரக சூடாமணியோடு சேர்ந்தது. அந்த நூலை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அதன்படி தாய் ராகம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஏழு சுரங்களையும் வரிசை பிறழாமல் கொண்டிருக்க வேண்டும். வேங்கடமகியின் வழியினரோ கனகாம்பரி, பேனத்யுதி என்று தொடங்கும் வேறொரு வரிசையைக் கொண்டார்கள். அங்கே ஏற்ற இறக்கம் இரண்டையும் சேர்த்து ஏழு சுரங்களும் வந்தால் போதும். ஏறும்போது ஒன்றிரண்டு விடுபடலாம், வக்கிரமாக வளைந்தும் செல்லலாம். முத்துசுவாமி தீட்சிதர் பின்பற்றியது இந்த இரண்டாம் மரபை. எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி ராகங்களை இந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறது. தியாகராஜர் முதல் மரபைத் தழுவினார் என்பது பரவலான கருத்து. ஆனால் அவர் தம் பாடல்களுக்கு ராகப் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. சீடர் பரம்பரை வழியாகவே பெயர்கள் நம்மை வந்தடைந்தன. அதனால் அந்தக் கருத்தை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல மாட்டேன்.

இரண்டு மரபுகளையும் அருகருகே வைத்தால் ‘தாய்’ என்ற சொல் ஆட்டம் காண்பதைப் பார்க்கலாம். இன்றைய பாடப் புத்தகத்தில் ஸ்ரீராகம் 22ஆம் மேளமான கரஹரப்ரியாவின் சேய். தீட்சிதர் மரபிலோ 22ஆம் மேளத்தின் தலைமை ராகமே ஸ்ரீராகம்தான். ஸ்ரீராகம் பழமையானது, கரஹரப்ரியா மேடையில் இன்று பெற்றிருக்கும் இடம் தியாகராஜரின் கீர்த்தனைகளால் வந்தது. பாட்டியைப் பேத்தியின் மகளாகப் பதிவு செய்திருக்கிறோம்! பதிவேட்டின் அளவில் இதில் பிழையில்லை. வயதின் அளவில் பொருளும் இல்லை.

அடுத்து, ஒரு ராகத்துக்குத் தாய் எதுவென்று முடிவு செய்யும் முறை. ராகத்தில் ஏழு சுரங்களும் இருந்தால் சிக்கல் குறைவு. குறைந்த சுரங்கள் உள்ள ராகங்களில்தான் தகராறு. மோகனத்தில் மத்யமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. கணக்கின்படி அதை 28, 29, 64, 65 ஆகிய நான்கில் எதன்கீழும் வைக்கலாம். ஹம்ஸத்வனியில் மத்யமமும் தைவதமும் இல்லாததால் ஆறு மேளங்கள் உரிமை கோரலாம். மோகனத்தை ஹரிகாம்போதிக்கும் ஹம்ஸத்வனியைச் சங்கராபரணத்துக்கும் கொடுத்திருப்பது வழக்கத்தின் தீர்ப்பு. காதில் விழும் சாயலையும் முன்னோர் எழுதிவைத்ததையும் கொண்டு சொல்லப்பட்டது. ஹிந்தோளத்தில் ரிஷபம் இல்லை; எனவே சிலர் 20ஆம் மேளமான நடபைரவியில் சேர்ப்பார்கள், சிலர் எட்டாம் மேளமான தோடியில் சேர்ப்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி ஒரு தேர்வில் நடபைரவி என்று எழுத, விடைத்தாளில் அதை அடித்துத் தோடி என்று திருத்தி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள். அந்தப் பெண் அழுததைவிட, அவளுக்கு நான் சொன்ன பதில் இன்னும் என்னை உறுத்துகிறது. தேர்வில் கேட்டபடி எழுதிவிட்டு வா என்றேன். இரண்டும் சரிதான், திருத்தியவர்தான் தவறு என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஏழு சுரங்கள் இருந்தும் ஒரு வீட்டில் அடங்காத ராகங்களும் உண்டு. பைரவியில் சதுசுருதி தைவதமும் வரும், சுத்த தைவதமும் வரும்; அதை நடபைரவியின் வீட்டில் பதிந்துவிட்டு, மற்றொரு தைவதத்தை அன்னிய சுரம் என்று குறித்து, பாஷாங்க ராகம் என்கிறோம். பைரவியைப் பாடுகிறவருக்கு அந்தச் சுரத்தில் அன்னியம் எதுவும் தெரியாது. அது இல்லாவிட்டால் பைரவியே இல்லை. இன்னொரு புறம், ஆரபியும் தேவகாந்தாரியும் ஒரே வீட்டில், சங்கராபரணத்தின்கீழ், ஏற்ற இறக்கம் கூட வேறுபடாமல் குடியிருக்கின்றன. தாளில் எழுதினால் இரண்டும் ஒன்று. பாடினால், ஆரபி அடுக்கடுக்காக விரைந்து செல்லும். தேவகாந்தாரி நிதானமாக அசைந்து இழைந்து வரும். அந்த வேறுபாடு சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்திலும் பிடிப்பிலும் இருக்கிறது. மேளக் கணக்கு அதைத் தொடுவதே இல்லை. தோடியின் காந்தாரத்தை மகள் பியானோவில் தேடிப் பார்க்கட்டும். கட்டை கிடைக்கும், தோடி கிடைக்காது.

தமிழிசைப் பண்களுக்கும் இந்த 72க்கும் தொடர்பு உண்டா என்ற உங்கள் கடைசி வரியைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் காட்டும் ஏழ்பெரும்பாலைகள் என்ற ஏழு சுர வரிசைகள் பெருக்கலால் பிறந்தவை அல்ல. குரல் திரிபால் பிறந்தவை. ஒரே சுர வரிசையில், தொடங்கும் நரம்பை, அதாவது சுரத்தை, மாற்றி மாற்றிக் குரலாக (ஸட்ஜமாக) கொள்வார்கள். செம்பாலையை ஹரிகாம்போதி என்று கொண்டால், ஒவ்வொரு நரம்பாக நகரும்போது படுமலைப்பாலை நடபைரவியாகவும், அரும்பாலை சங்கராபரணமாகவும், கோடிப்பாலை கரஹரப்ரியாவாகவும், விளரிப்பாலை தோடியாகவும், மேற்செம்பாலை கல்யாணியாகவும் வருகின்றன. மகளிடம் சொல்லி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்து, ‘ஜி’யில் தொடங்கி வாசிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடலாம். செம்பாலை ஹரிகாம்போதிதான் என்பதில் ஆய்வாளர் அனைவரும் ஒன்றுபடவில்லை. பெரும்பாலோர் ஏற்கிறார்கள், நானும் அப்படியே கற்பிக்கிறேன். ஆனால் எந்தத் தொடக்கத்தைக் கொண்டாலும் மாறாத ஒன்று உண்டு: ஏழில் ஒரு பாலைக்குப் பஞ்சமம் அமையாது, அதற்குப் பதில் இரண்டு மத்யமங்கள் வந்து நிற்கும். மேலே சொன்ன வரிசையில் அது செவ்வழிப்பாலை. பஞ்சமம் கட்டாயம் என்று விதித்த 72 வீட்டுக் கட்டடத்தில் செவ்வழிக்கு வீடே இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது பெரியவர்கள் சிலர் உணர்ச்சிவசப்படுவதுண்டு. எனக்கு இது ஒரு வகைப்பாடு எதை விட்டுவிடுகிறது என்று காட்டும் தெளிவான எடுத்துக்காட்டு, அவ்வளவே.

விவாதி மேளங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். அடுத்தடுத்த கட்டைகள் ரிஷப காந்தாரமாகவோ தைவத நிஷாதமாகவோ அந்தந்த நான்கு கட்டைகளின் கீழ் ஓரத்திலோ மேல் ஓரத்திலோ நெருங்கி நிற்கும் மேளங்கள் 40. இவற்றைப் பாடினால் தோஷம் என்ற அச்சம் முன்பு இருந்தது. மகா வைத்யநாத ஐயர் 72 மேளங்களையும் ஒரே ராகமாலிகையாகக் கோத்தார். கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தமிழிலேயே கீர்த்தனைகள் செய்தார். அவற்றில் சிலவற்றை மகள் பிற்காலத்தில் கற்கலாம். இப்போது தேவையில்லை.

அவள் 72 பெயர்களையும் ஒப்பிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தேர்வுப் பாடத்தில் இருந்தால் ஒப்பிக்கட்டும். இல்லையென்றால், மாயாமாளவகௌளை, சங்கராபரணம், கல்யாணி, ஹரிகாம்போதி, கரஹரப்ரியா, தோடி ஆகிய ஆறின் முகவரி மட்டும் இந்த ஆண்டுக்குப் போதும். சங்கராபரணத்தை வாசித்துவிட்டு ‘எஃப்’ஐ மட்டும் அடுத்த கறுப்புக் கட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள், கல்யாணியின் வீடு எங்கே என்று அவளே சொல்லுவாள். பிறகு பியானோவை மூடிவிட்டு, தம்புரா செயலியைப் போட்டுக்கொண்டு, அந்த வீட்டில் குடியிருப்பது யார் என்று பாட்டு ஆசிரியையிடம் கேட்கட்டும்.